தரங்கம்பாடி மீனவர் பகுதியின் பழைய ஆவணங்களை எங்கே தேடுவது?

அலைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தரங்கம்பாடியில் டேன்ஸ்பர்க் கோட்டைக்கு வடக்கே கடலையொட்டி இருக்கும் மீனவர் பகுதியைச் சேர்ந்தவன் நான். அடுத்த திருவிழாவுக்குள் ஊரின் வரலாற்றைச் சிறு நூலாகத் தொகுத்துத் தருமாறு எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் என்னையும் பள்ளி ஆசிரியரான என் சித்தப்பாவையும் கேட்டிருக்கிறார்கள். பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதன் கனம் தெரிகிறது.

ஊரைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்குக் குறைவே இல்லை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஓலை அனுப்பியது, டேனிஷ் கப்பற்படைத் தலைவர் ஓவ் கெட்டே கோட்டை வேலையைத் தொடங்கியது, 1706 ஜூலையில் மதப் பணியாளர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கியது, அச்சுக்கூடம் வந்தது, 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது, 1845இல் வங்காளத்தின் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது என எல்லாம் நாள் கிழமையோடு கிடைக்கின்றன. ஆனால் இவர்களெல்லாம் கப்பலிலிருந்து கரைக்கு வந்தபோது அலையைத் தாண்டிப் படகு செலுத்தியவர்கள் யார், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள், யாருக்கு என்ன வரி கட்டினார்கள் என்று தேடினால் ஒரு பத்தி கூடத் தேறவில்லை. துறைமுகமே இல்லாத ஊரில் 225 ஆண்டுகள் ஒரு வணிகக் குடியேற்றம் நடந்திருக்கிறது. படகுக்காரர்கள் இல்லாமல் அது ஒரு நாள் கூட நடந்திருக்க முடியாது என்பது கடற்கரையில் நின்று பார்க்கும் எவருக்கும் தெரியும்.

வீடுகளில் இருந்த பத்திரங்களும் புகைப்படங்களும் பஞ்சாயத்தின் பழைய நோட்டுகளும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெரும்பாலும் போய்விட்டன. ஆகையால் வெளியில் இருக்கும் ஆவணங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. டேனிஷ் ஆவணங்களில் மீனவர்கள் இடம்பெறுகிறார்களா, அவற்றை எங்கே பார்க்கலாம், 1845க்குப் பிந்தைய ஆங்கிலேயர் கால ஆவணங்களில் எவற்றைக் கேட்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டை மீனவர் குடியிருப்பின் முதல் சான்றாகக் காட்டலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அது சரியா என்பதையும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.


எழும்பூர் வாசகர் எழுதியது:

தம்பி, கல்வெட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் சறுக்கினால் நூல் முழுவதும் சறுக்கும். மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதில் ஊர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கப்படுகிறது. டேனியர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது அரசன் பெயர் தாங்கிய ஒரு கடற்கரைப் பட்டினமாக இருந்தது என்பதற்கு அது உறுதியான சான்று. பட்டினம் இருந்த இடத்தில் கடலோடிகளும் மீன்பிடிப்போரும் இருந்திருப்பார்கள் என்பது நியாயமான ஊகம்தான். ஆனாலும் ஊகத்தைச் சான்று என்று எழுதாதீர்கள். "இவ்வூர் 14ஆம் நூற்றாண்டிலேயே பட்டினம்" என்று எழுதி நிறுத்திக்கொண்டால் எவரும் மறுக்க முடியாது.

அடுத்தது டேனிஷ் ஆவணங்கள். இவை ஒரே இடத்தில் இல்லை. பெரும்பகுதி கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நீங்கள் சொன்ன தங்க ஓலையும் அங்கேதான் உள்ளது. ஊர் கைமாறியபோது இங்கேயே தங்கிவிட்ட ஒரு பகுதி, சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டேனிஷ் ஆவணங்கள் என்ற தனித் தொகுதியாக இருக்கிறது. மதப் பணியாளர்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே அறநிலையத்தில் உள்ளன. எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்துப் போகும் இடமும் மாறும்.

காலத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 1616இல் தொடங்கிய முதல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1650இல் கலைக்கப்பட்டது. 1639க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் தரங்கம்பாடிக்கு அனுப்பப்படவில்லை. அந்தக் காலத்தின் பிற்பகுதியில் ஊரை விடாமல் பிடித்துவைத்திருந்தவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே. தலைநகரோடு தொடர்பு அறுந்த அந்த ஆண்டுகளுக்கு எழுத்துப் பதிவு மிகவும் குறைவு. 1670இல் தொடங்கிய இரண்டாம் கம்பெனி 1729 வரையும், ஆசியக் கம்பெனி 1732 முதல் 1777 வரையும் நிர்வகித்தன. அதன்பின் 1845 வரை அரசரின் நேரடி ஆட்சி. பிற்காலத்துக்கு வர வர ஆவணம் பெருகுகிறது. ஆகவே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தேடத் தொடங்கிப் பின்னோக்கிப் போவதே நடைமுறைக்கு ஏற்றது. 1620இலிருந்து தொடங்கியவர்கள் பலர் பாதியில் சோர்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் உண்மையான சிக்கல் மீனவர்கள் அந்த ஏடுகளில் இல்லை என்பதல்ல, மீனவர்கள் என்ற தலைப்பில் இல்லை என்பதுதான். கம்பெனிக்காரர்கள் எழுதியது தங்கள் பணம் போன வழியையும் வந்த வழியையும். தரங்கம்பாடிக்கு எதிரே கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் சலங்கு என்ற சரக்குப் படகிலோ மசுலாப் படகிலோதான் கரைசேர முடியும். மசுலாப் படகு இரும்பாணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அதே அலையில் பிளந்துவிடும். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோக வேண்டுமானால் கட்டுமரம். இவை அனைத்துக்கும் கூலி கொடுக்கப்பட்டது, கொடுத்த கூலி கணக்கில் ஏறியது. ஆகவே படகுக்கூலி, கப்பலிலிருந்து சரக்கு இறக்கிய செலவு, நனைந்து சேதமான சரக்குக்கான விசாரணை, உடைந்த கப்பலிலிருந்து மீட்கப்பட்ட பொருள்களின் பட்டியல் ஆகிய தலைப்புகளில் உங்கள் ஊர் மக்களைத் தேடுங்கள். இன்னொரு விஷயம், ஐரோப்பியர்கள் பொதுவாக இக்கரை மீனவர், படகுக்காரர் எல்லாரையும் சாதி வேறுபாடு பார்க்காமல் மக்குவா என்று எழுதினார்கள். பட்டினவர் என்ற உங்கள் சாதிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

வழக்குப் பதிவேடுகளையும் விட்டுவிடக் கூடாது. உள்ளூர் மக்களின் வழக்குகளுக்கென்று தரங்கம்பாடியில் தனி நீதிமன்றம் இருந்தது. டேனியர்கள் அதைக் கறுப்பர் நீதிமன்றம் என்றே அழைத்தார்கள். பெயரைக் கேட்டால் இன்று முகம் சுளிப்போம். ஆனால் சாதாரண மனிதர்கள் தங்கள் பெயரோடும் தொழிலோடும் தகராறோடும் ஏட்டில் ஏறுவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். இவற்றைப் படிக்க டேனிஷ் மொழி தெரிந்தால் மட்டும் போதாது; பழைய கோதிக் கையெழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். டென்மார்க் 1700ஆம் ஆண்டில்தான் புதிய நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முந்தைய டேனிஷ் தேதிகள் இன்று நாம் பயன்படுத்தும் கணக்குக்குப் பத்து நாள் பின்தங்கியிருக்கும். முன்பே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்ட போர்ச்சுக்கீசியர் தங்கள் கடிதத்தில் இட்ட தேதியோடு அவற்றை ஒப்பிடும்போது, ஒரே நிகழ்ச்சியை இரண்டு நிகழ்ச்சிகளாக எண்ணிவிட இடமுண்டு.


சுவடி மாணவி எழுதியது:

முன்னவர் சொன்னவற்றோடு ஹாலே பற்றிச் சில விவரங்களைச் சேர்க்கிறேன், ஏனென்றால் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை அங்கேதான் அதிகம். தரங்கம்பாடியிலிருந்து மதப் பணியாளர்கள் அனுப்பிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் 1772 வரை ஹாலே அறிக்கைகள் என்ற பெயரில் 108 பகுதிகளாக அச்சாயின. அவை இப்போது இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. மொழி ஜெர்மன், அச்செழுத்து பழைய பாணி. ஆனாலும் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டால் இது எளிது. எழுத்துணர் மென்பொருள்கள் இப்போது அந்த அச்சைத் தேறும்படியே வாசிக்கின்றன.

இந்த அறிக்கைகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஐரோப்பாவில் நன்கொடை கொடுப்பவர்கள் படிப்பதற்காகத் தேர்ந்தெடுத்தும் திருத்தியும் அச்சிட்டவை இவை. தரங்கம்பாடியில் எழுதப்பட்ட கையெழுத்து மூலத்தில் இருந்து அச்சில் விடுபட்ட பகுதிகள் உண்டு. மதப் பணியாளர்கள் ஊர் ஊராக நடந்து, வழியில் கண்டவர்களோடு பேசியதை எழுதிவைக்கும் வழக்கம் உள்ளவர்கள். அந்த உரையாடல்களில் கேள்வி கேட்பவரின் குரல் ஓங்கியும் பதில் சொல்பவரின் குரல் அடங்கியும் இருக்கும். அப்படியிருந்தும் புயல், பஞ்சம், விலைவாசி, கொள்ளைநோய், கடல் கொந்தளிப்பு பற்றிய தேதியிட்ட குறிப்புகளுக்கு இவற்றைவிடத் தொடர்ச்சியான பதிவு இந்தக் கரையில் அரிது. உங்கள் நூலில் இயற்கைச் சீற்றங்களுக்கு ஓர் அத்தியாயம் வைப்பதாக இருந்தால் இங்கிருந்து தொடங்கலாம். திருமுழுக்குப் பதிவேடுகளை நம்பிப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். இப்பகுதிப் பட்டினவர்கள் பெரும்பாலும் மதம் மாறவில்லை, ஆகவே அந்த ஏடுகளில் உங்கள் குடும்பங்கள் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் காகிதத்தில் இல்லை. 1771 முதல் 1813இல் இறக்கும் வரை தரங்கம்பாடியில் பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற மதப் பணியாளர், இயற்கை வரலாற்றில் தீராத ஆர்வம் கொண்டவர். இந்தக் கரையில் பிடிபட்ட மீன்களை வாங்கிப் பதப்படுத்திப் பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலீசர் பிளோக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவந்தார். பிளோக் அக்காலத்தின் தலைசிறந்த மீனியல் அறிஞர். தமக்கு மீன் அனுப்பிய நண்பரின் நினைவாகக் கத்தாளைப் பேரினம் ஒன்றுக்கு ஜோனியஸ் என்று பெயரிட்டார். அந்தப் பேரினத்தில் அவர் 1793இல் விவரித்த ஒரு மீனின் அறிவியல் பெயர் ஜோனியஸ் கருட்டா. உங்கள் ஊர்க் கரையில் இன்றைக்கும் அந்த மீனைக் கறுத்த கத்தாளை என்றால் புரியும். பிளோக் எடுத்துக்கொண்டதும் அதே பெயரைத்தான். பிளோக்கின் மீன் சேகரிப்பு பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஜான் கடலுக்குப் போகவில்லை. வலையில் விழுந்ததைப் பிரித்து, இது இன்ன மீன், இது அதன் குஞ்சு அல்ல வேறு சாதி, இது இன்ன மாதத்தில்தான் படும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் கரையில் இருந்தவர்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அவர்கள் சொன்ன மீன் பெயர்கள் ஏறியிருக்கின்றன. பிளோக்கின் வண்ணப் படங்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அவற்றில் தரங்கம்பாடியிலிருந்து போனவற்றைத் தனியே எடுத்து, ஊர்ப் பெரியவர்களிடம் காட்டி, இப்போதும் படுகிற மீன் எது, படாமல் போனது எது என்று கேட்டு எழுதினால், அந்த ஒரு அத்தியாயம் மற்ற எவராலும் எழுத முடியாததாக இருக்கும்.


கிராமக்கணக்கு எழுதியது:

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் 1845க்குப் பிந்தைய பகுதியைப் பற்றி எழுதுகிறேன். டேனியர் பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட பிறகு சில ஆண்டுகள் ஆட்சியர் அலுவலகமே தரங்கம்பாடியில் இருந்தது. 1860 வாக்கில் தஞ்சாவூருக்கு மாறியது. அடுத்த ஆண்டு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததோடு இங்கிருந்த கடல் வணிகமும் அங்கே போய்விட்டது. ஆகவே அந்தக் காலக் கோப்புகளைத் தரங்கம்பாடி என்ற பெயரில் மட்டுமல்லாமல், தஞ்சாவூர் மாவட்ட ஆவணங்கள் என்ற தொகுதியிலும் தேட வேண்டும்.

நில ஆவணங்களில் உங்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வருவாய்க் கணக்கு என்பது தீர்வை கட்டும் நிலத்துக்கான கணக்கு. விவசாயக் கிராமமாக இருந்தால் செட்டில்மெண்ட் பதிவேட்டில் புல எண், பரப்பு, தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று வரிசையாக இருக்கும். மூன்று தலைமுறையை அதிலிருந்தே கட்டி எழுப்பலாம். மீனவர் குப்பங்கள் பெரும்பாலும் கடற்கரைப் புறம்போக்கிலோ நத்தத்திலோ அமைந்தவை. பதிவேட்டில் அந்த இடம் முழுவதற்கும் ஒரு புல எண்ணும் "புறம்போக்கு" என்ற ஒரு சொல்லும்தான் இருக்கும். நூறு குடும்பம் நூற்றாண்டுக்கணக்காக வாழ்ந்த மண், ஏட்டில் ஆளில்லாத மணலாக நிற்கும். சுனாமிக்குப் பிறகு வீட்டுக்கு உரிமை காட்டச் சொன்னபோது பல குப்பங்கள் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் அந்தப் புல எண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பழைய கிராம வரைபடத்தையும் அளவைப் புத்தகத்தையும் அடுத்தடுத்த நிலஅளவை வரைபடங்களோடு வைத்துப் பார்த்தால், கடற்கரையோரப் புலங்களின் கிழக்கு எல்லை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பது தெரியும். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி கடலில் போனதைக் கண்ணால் பார்க்கிறோம். குடியிருப்பு எவ்வளவு மேற்கே தள்ளிவந்தது என்பதைச் சொல்லக்கூடியது இந்த வரைபடங்கள்தான். டேனியர் காலத்துக்கு 1733இல் ட்ரெல்லுண்ட் வரைந்த நகர வரைபடம் இருக்கிறது. அதையும் இவற்றோடு சேர்த்துப் பாருங்கள். 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. எல்லைகளை அவற்றிலிருந்து அளக்க முடியாது, காட்சிக்குப் பயன்படும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றி எல்லாரும் கேட்பார்கள். சென்னை மாகாணத்தில் 1871 முதல் முறையான கணக்கெடுப்பு உண்டு, ஆனால் நமக்குக் கிடைப்பது அச்சிட்ட அட்டவணை மட்டுமே. வீடுவீடாக எழுதிய தாள்களில் இருந்த பெயர்களைத் தேடிப் பயனில்லை.

மீனவர்களைப் பற்றி அரசே நேரடியாக எழுதியது உப்பு விவகாரத்தில்தான். உப்பு வரி உயர்ந்ததும் கருவாடு போடுவது கட்டுப்படியாகாமல் போயிற்று. பிரான்சிஸ் டே என்ற அதிகாரி கடலோர மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பி, மீன்பிடிப்போர், வலை வகை, மீன் விலை, உப்பு விலை ஆகியவற்றைத் தொகுத்து 1873இல் அறிக்கை வெளியிட்டார். அதன் பிறகு, வரியில்லா உப்பை மலிவு விலைக்குக் கொடுத்து, வேலி கட்டிய அரசு முற்றத்துக்குள்ளேயே மீனை உப்பிடச் சொல்லும் ஏற்பாடு வந்தது. கருவாட்டு யார்டு என்று பழையவர்கள் சொல்வது அதைத்தான். யார் எவ்வளவு மீன் கொண்டுவந்தார்கள், எவ்வளவு உப்பு எடுத்தார்கள் என்பது கணக்கானது. உப்புத் துறையின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுங்கள். 1907இல் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வளத்துக்கென்று தனி அலுவலகம் ஏற்பட்ட பிறகு, ஜேம்ஸ் ஹார்னெல் போன்றவர்கள் கட்டுமரம், வலை, படகு வகைகளை அளந்து படத்தோடு எழுதினார்கள். உங்கள் தாத்தாக்களின் கட்டுமரத்தில் எத்தனை மரம், எப்படிக் கட்டினார்கள் என்பதை அதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.


வடக்குத்தெரு எழுதியது:

மேலே எழுதிய பெரியவர்கள் அனைவரும் வெளியார் எழுதிவைத்த ஏடுகளையே பேசுகிறார்கள். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பட்டினவர் ஊர்களுக்கு எழுத்துப் பழக்கமே இல்லை என்பது போன்ற தோற்றம் வருவதை ஏற்க முடியாது. நானும் பக்கத்துக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் பஞ்சாயத்தில் தலைக்கட்டு வரிக் கணக்கு, கோயில் வரவு செலவு, ஏலத் தொகை, தீர்ப்பில் போட்ட அபராதம், கடலில் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்த உதவி என எல்லாமே நோட்டில் உண்டு. தலைக்கட்டுப் பட்டியல் என்பது உங்களுக்குக் கிடைக்காத கணக்கெடுப்புத் தாளுக்குச் சமம். திருமணமாகித் தனிக்குடும்பம் ஆனவன் எந்த ஆண்டில் ஊருக்கு வரி கட்டத் தொடங்கினான் என்பதை அதில் பார்க்கலாம்.

உங்கள் ஊர் நோட்டுகள் சுனாமியில் போயின என்கிறீர்கள். போயிருக்கும். ஆனால் பஞ்சாயத்துகள் தனித்தனித் தீவுகள் அல்ல. ஊர்களுக்கு இடையே வலைத் தகராறு, எல்லைத் தகராறு வரும்போது இரண்டு ஊரும் தலைக்கிராமமும் கூடிப் பேசி, கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி எடுத்துக்கொள்ளும். உங்களிடம் அழிந்ததன் இன்னொரு படி எதிர்த்தரப்பு ஊரில் இருக்கலாம், மேட்டில் இருந்த வீட்டில் ஒரு மரப்பெட்டியில் இருக்கலாம். காவல் நிலையத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் நடந்த சமாதானக் கூட்டங்களின் நகல்களும் அப்படித்தான். எந்தெந்த ஊரோடு உங்களுக்குத் தகராறு இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் எங்கே போய்த் தேட வேண்டும் என்ற பட்டியல் தானாகவே கிடைத்துவிடும். இது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் உறவுக்காரர்களைவிடப் பகைக்காரர்களே காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.


அலைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான மறுமொழிகளை எதிர்பார்க்கவில்லை. வடக்குத்தெரு அவர்கள் சொன்னதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். உடனே இரண்டு ஊர்களின் பெயரைச் சொன்னார், அவற்றை இங்கே எழுதுவது நாகரிகமாகாது. இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. பழைய தமிழ் ஏடு ஏதாவது கிடைத்து, அதில் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் எப்படிக் கணக்கிடுவது? மேலும், டேனிஷ் தெரியாத எங்களைப் போன்றவர்கள் முதல் கட்டமாக எதைச் செய்தால் வீண் அலைச்சல் இல்லாமல் இருக்கும்?


எழும்பூர் வாசகர் எழுதியது:

ஆண்டுக் கணக்கு அறுபதாண்டுச் சுழற்சி. பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டு முன்னும் பின்னும் எதுவாகவும் இருக்கலாம். தங்க ஓலை எழுதப்பட்ட 1620 ரௌத்திரி ஆண்டு. அதே ரௌத்திரி 1680இலும் வந்தது, 1740இலும் வந்தது, 1980இலும் வந்தது. ஏட்டில் சக ஆண்டோ கொல்லமாண்டோ போன்ற தொடர் எண் ஆண்டும் சேர்ந்திருந்தால் சிக்கல் தீரும். இல்லையென்றால் கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் பொருந்தும் ஆண்டைப் பஞ்சாங்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஏட்டில் வரும் நாணயத்தையும் அதிகாரிகளின் பெயர்களையும் பாருங்கள். பகோடா, பணம், காசு என்று கணக்கு எழுதியவர் ரூபாய், அணா, பைசாவுக்கு மாறும்போது காலம் மாறிவிட்டது என்று பொருள்.

முதல் கட்டத்துக்கு எழும்பூர் காப்பகத்திலேயே தொடங்குங்கள். அங்கே வாசிப்பு அறையில் கேட்க வேண்டியது தஞ்சாவூர் மாவட்ட ஆவணங்களின் பட்டியலையும் டேனிஷ் ஆவணங்களின் பட்டியலையும். கோப்பைக் கேட்பதற்கு முன் பட்டியலை முழுவதுமாகப் படித்துவிடுவது நல்லது. ஆராய்ச்சி நிறுவனத்தையோ கல்லூரியையோ சேராத தனிநபருக்கு அனுமதி தாமதமாகலாம். சித்தப்பா ஆசிரியர் என்பதால் பள்ளியின் கடிதத்தாளில் நோக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியர் கையொப்பத்தோடு கொண்டுபோங்கள். 19ஆம் நூற்றாண்டு மாவட்டக் கோப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் நீங்களே படித்துவிடலாம். 1808 முதல் 1815 வரை ஊர் ஆங்கிலேயர் வசம் இருந்தது. அந்த ஏழாண்டுகளின் கடிதப் போக்குவரத்தும் ஆங்கிலத்தில்தான். டேனியர் காலத்து நடைமுறைகளைப் புதிதாக வந்த அதிகாரிகள் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த காலம் என்பதால், படகுக்கூலி வீதமும் கரையோர வழக்கங்களும் அதில் விளக்கமாகவே பதிவாகியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கோபன்ஹேகன் காப்பகத்தின் பட்டியலை இணையத்தில் பார்த்து, உங்களுக்கு வேண்டிய தொகுதியின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரிந்த ஒருவர் கிடைக்கும்போது "எதையாவது தேடித் தாருங்கள்" என்று கேட்பதற்கும் "இந்த எண்ணில் படகுக்கூலிக் கணக்கைப் பாருங்கள்" என்று கேட்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.


சுவடி மாணவி எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. ஐஸ்லாந்தைச் சேர்ந்த யோன் ஓலாப்சன் என்பவர் 1620களின் தொடக்கத்தில் டேன்ஸ்பர்க் கோட்டையில் படைவீரராக இருந்து, முதுமையில் தம் நினைவுகளை எழுதினார். அதற்கு நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, இணையத்திலும் படிக்கலாம். அதிகாரியும் அல்லர், மதப் பணியாளரும் அல்லர். சாதாரணச் சிப்பாய் என்பதால் அவர் கண்ணுக்கு வேறு விஷயங்கள் பட்டிருக்கின்றன. நாற்பது ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதியது என்பதைக் கருத்தில் கொண்டு பயன்படுத்துங்கள். ஹாலே அறிக்கைகளில் புயல் குறிப்புகளைத் தேடுவதற்கான ஜெர்மன் சொற்களின் பட்டியல் ஒன்று என்னிடம் உள்ளது, தனிமடலில் அனுப்பிவைக்கிறேன். பிளோக்கின் படங்களில் தரங்கம்பாடி மீன்களைப் பிரித்தெடுக்கும் வேலையை நீங்கள் தொடங்கினால் அடையாளம் காண்பதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் உள்ளூர்ப் பெயர்களை உங்கள் ஊரில்தான் கேட்க வேண்டும், அதுவும் மீன் கூடைக்கு வரும் நேரத்தில், பெண்களிடம் கேட்பது நல்லது.